பிள்ளைகளுக்கு எந்தப் பாட்டு?

இரத்தினபுரி, கேகாலை இறப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் தாய் பால்வெட்டப் போகிறாள். குழந்தை பிள்ளைமடுவத்திற்குப் போகிறது. நம் வகுப்புப் பிள்ளைகள் திரைப்பாட்டுகளை முழுதாகப் பாடுகிறார்கள்; பாட்டியின் தாலாட்டை அறியார். கைப்பேசியை நாம் பழிக்கவில்லை. அதில் எது ஒலிக்கவேண்டும் என்பதே கேள்வி.

பாரதியின் பாப்பாப் பாட்டையும் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டையும் குடும்பத்தோடு கேட்கலாம். ஆனால் அவற்றில் லயக் காம்பராவும் பால்வாளியும் இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்து, 1987இல் நூலான 'மலைநாட்டு மக்கள் பாடல்க'ளில் தோட்டத்து வாழ்வே பாட்டாகிறது.

ஏட்டில் உறங்கும் பாட்டு பிள்ளையை உறங்கவைக்காது. பாட்டியைப் பாடச்சொல்லி அதே கைப்பேசியில் பதிவோம். தன் மக்களின் உழைப்பும் பாட்டாகும் என்றறிந்த பிள்ளை எந்தச் சபையிலும் தலைகுனியாது.