கொடிமலை ஏறும் ஜீப்புகள்

பினாங்கு துறைமுகத்தில் ஃபெரியை விட்டு இறங்கினால், நகரத்துக்குப் பின்னால் நிற்பது கொடிமலை. 1923 முதல் அதில் ரயில் ஏறுகிறது. பலருக்கும் அதோடு சரி. தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவிலிருந்து இன்னொரு வழி உண்டு, ஜீப் பாதை. சுமார் 5 கிலோமீட்டரில் 600 மீட்டருக்கு மேல் ஏற்றம். நாம் நடக்கலாம், வண்டி ஓட்ட அனுமதி வேண்டும்.

நடக்கும்போது ஜீப்புகளைக் கவனியுங்கள். லோ கியரில் ஊர்ந்துதான் போகும். புதிதாக ஃபோர் வீல் வாங்கும் இளைஞர்களுக்கோ முதல் ஆசை இன்ஜின் பவர். மழையில் நனைந்த வளைவில் அந்தக் குதிரைத்திறன் சக்கரத்தை வழுக்கவிடத்தான் உதவும். சாதாரண ஆக்சிலில், பிடிப்பில்லாத சக்கரம் சும்மா சுழல, மற்றது நின்றுவிடும். லாக்கர் போட்டால் இரண்டும் சேர்ந்து சுழலும். தார்ச்சாலை வளைவில் மட்டும் அதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வண்டி திரும்ப மறுக்கும்.

என்னைக் கேட்டால் முதல் செலவு நல்ல டயருக்கு, அடுத்தது லாக்கருக்கு. ஆனால் மிகப் பெரிய டயர் வேண்டாம். ஏற்றத்தில் இழுவை குறையும், ஆக்சில் தண்டுக்கும் பாரம்.

இறக்கம்தான் பெரிய சோதனை. இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். பூங்கா வாசலில் வந்து நிற்கும் ஜீப்பில் பிரேக் கருகிய வாடை அடித்தால், ஓட்டுநர் லோ கியரை மறந்துவிட்டார்.