பதில் வாங்காத பெட்டி

யொரூபா மொழியில் வானொலிக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: அசோரோமக்பேசி. பேசும், ஆனால் பதில் வாங்காது என்று பொருள். நைஜீரியாவை ஆண்ட ஆங்கிலேயர்கள் 1935 டிசம்பரில் லாகோஸிலும், நான்கு ஆண்டு கழித்து இபதானிலும் கம்பி இழுத்து வீடுகளுக்குள் கொண்டுவந்து வைத்த பெட்டிக்கு அந்தப் பெயர் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. நிலையத்தை மாற்ற அதில் முள் கிடையாது. உள்ளே ஓர் ஒலிபெருக்கி, வெளியே சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ், அவ்வளவுதான். கட்டணம் கட்டினால் லண்டன் பேசுவது வீட்டுக் கூடத்தில் கேட்கும். பிடிக்கவில்லையென்றால் குமிழைத் திருகி வாயை மூடலாம். அதற்குமேல் கேட்பவருக்கு அதிகாரம் இல்லை. இந்தப் பெயரை முதலில் சூட்டியவர் யாரோ, ஊடக விமர்சனம் என்று ஒரு துறை வரப்போவது அவருக்குத் தெரிந்திருக்காது. அந்தத் துறை சொல்ல வேண்டியதில் பாதியை அவர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்.

மேற்கு ஆப்பிரிக்க ஒலிபரப்பு நிலையம் ஒன்றில் வேலை பார்க்க ஊரைவிட்டுப் போகிற வெளிநாட்டுப் பத்திரிகையாளரைப் பற்றி யோசிக்கும்போது இந்தச் சொல்தான் முதலில் ஞாபகம் வருகிறது. லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ கிளம்புகிறவர் எதைக் கொண்டுபோகிறார் என்று கேட்டால் பயிற்சி, தொழில்நுட்பம், நடுநிலை என்று அடுக்குவார்கள். அந்தச் சரக்கை நான் குறைத்துப் பேசப்போவதில்லை. ஆனால் பதில் வாங்கியே தீர வேண்டிய இடத்தில் அவரை உட்கார வைத்தால்தான் அதற்கு விலை உண்டு என்பது என் வாதம். அவர் சொன்னது தப்பென்றால் முகத்துக்கு நேரே சொல்லும் நேயர் வேண்டும். எழுதியதை அடித்துத் திருத்தும் உள்ளூர்ச் சகா வேண்டும். வினை வந்தால் சேர்ந்து அனுபவிக்கும் கட்டாயமும் வேண்டும். மூன்றும் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரும் ஓர் அசோரோமக்பேசிதான்.

கானா, கோல்டு கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலத்திலேயே இதற்குச் சாட்சி தொடங்குகிறது. 1935 ஜூலை 31 அன்று, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவை ஒட்டி, ஆளுநர் ஆர்னால்டு ஹாட்சன் அக்ராவில் இசட்.ஓ.ஒய். நிலையத்தைத் திறந்துவைத்தார். இணைப்பு வாங்கியவர்கள் சுமார் முந்நூறு பேர். கிடைத்தது பெரும்பாலும் பி.பி.சி.யின் மறு ஒலிபரப்பு. ஃபான்டே, ட்வி, கா, எவே ஆகிய அந்த மண்ணின் மொழிகள் நிலையத்துக்குள் நுழைய ஓர் உலகப்போர் வர வேண்டியிருந்தது. போருக்கு ஆள் வேண்டும், மக்கள் ஆதரவு வேண்டும் என்றானபோது அவர்கள் பாஷையில் பேசலாம் என்று அரசுக்குத் தோன்றியது. மொழிபெயர்க்க உள்ளூர்க்காரர்களை வேலைக்கு வைத்தார்கள். மொழி மாறியதே தவிர, மேலிருந்து கீழே பேசும் திசை அப்படியே இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு போனவர்கள் வேறு ரகம். ஆளப் போகவில்லை, அதிபர் க்வாமே என்க்ருமாவின் கானாவை நம்பிப் போனார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவர் பலர் அந்த வரிசையில் உண்டு. மாயா ஏஞ்சலோ 1962இல் அக்ரா சேர்ந்து, பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபடியே நாளிதழுக்கும் ரேடியோ கானாவுக்கும் எழுதினார், ஃபான்டே கற்றுக்கொண்டார். ஷெர்லி கிரஹாம் டுபாய்ஸின் கதை இதைவிடப் பெரியது. வாழ்க்கை வரலாறுகள் எழுதியவர், இசை நாடகம் இயற்றியவர். 1961இல் கணவர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸோடு கானாவுக்குக் குடிபெயர்ந்தார். கணவர் 1963இல் அக்ராவிலேயே காலமானார். அடுத்த ஆண்டு, இன்னும் பிறக்காத கானா தொலைக்காட்சிக்கு ஷெர்லியை இயக்குநராக்கினார் என்க்ருமா. ஷெர்லி நாடு நாடாகப் போய் நிலையங்களைப் பார்த்துவந்தார். விளம்பரக்காரர்களின் கைக்குப் போகாத, பள்ளிக்கூடம்போலப் பயன்படும் தொலைக்காட்சி என்பது கனவு. 1965 ஜூலை 31 அன்று, இசட்.ஓ.ஒய். பிறந்து சரியாக முப்பது ஆண்டில், திரை ஒளிர்ந்தது. ஏழு மாதம்கூட முழுதாக ஓடவில்லை. 1966 பிப்ரவரி 24 காலையில் கர்னல் கொட்டோகாவின் குரல் வானொலியில் ஆட்சிக் கவிழ்ப்பை அறிவித்தது. ஷெர்லி நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அவரிடம் திறமை இல்லையென்றோ நல்லெண்ணம் இல்லையென்றோ யாரும் சொல்ல முடியாது. இன்றைய தொலைக்காட்சிகளைப் பார்த்தால் அவர் கனவின்மேல் ஏக்கம்கூட வருகிறது. குறை அந்த நாற்காலியின் அமைப்பில் இருந்தது. அவரைக் கேள்வி கேட்கக்கூடிய ஒரே நேயர் அதிபர். அந்த ஒரு நேயர் விழுந்ததும் இவரும் விழுந்தார். ஊரார் நடுவில் மெல்ல வேர் விட்டிருந்தால் நின்றிருப்பாரா என்பது வேறு கேள்வி. வேர் விடுவதற்கு அவகாசமே தரப்படவில்லை. ராணுவம் எப்போதும் முதலில் பிடிக்கும் கட்டடம் வானொலி நிலையம் என்பதை இங்கே மறந்துவிடக்கூடாது. ஏன் பிடிக்கிறார்கள்? அது பதில் வாங்காத பெட்டி என்பதால்தான். 1976 பிப்ரவரி 13 அன்று ஆட்சியைக் கவிழ்க்க லாகோஸ் நிலையத்துக்குள் புகுந்த லெப்டினன்ட் கர்னல் டிம்கா, ஊரடங்கு அறிவிக்கும் அவசரத்தில் இரவையும் பகலையும் மாற்றி, விடியலிலிருந்து அந்தி வரை யாரும் வெளியே வரக்கூடாது என்று படித்துவிட்டார். நைஜீரியர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை. துப்பாக்கியோடு மைக் முன் நிற்பவரிடம், ஐயா, தலைகீழாகப் படிக்கிறீர்கள் என்று யார் சொல்வது?

கானாவிலும் நைஜீரியாவிலும் ஆட்சிமொழியே ஆங்கிலம்தானே, அங்கே போகிறவருக்கு மொழி எப்படித் தடையாகும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமாகத் தெரியும், காலை ஏழு மணிக்கு அக்ராவின் ட்ரோட்ரோ ஒன்றில் ஏறும்வரை. ட்ரோட்ரோ என்பது அங்கே ஓடும் சிற்றுந்து. கூட்டம் நெரியும், வானொலி அலறும். அலறுவது பெரும்பாலும் ட்வி மொழிதான். 1999இல் பீஸ் எஃப்.எம். ட்வியை உள்ளடக்கிய அக்கான் மொழியில் தொடங்கி, உள்ளூர் மொழி வானொலி பாமரர் சமாசாரம் என்று நினைத்தவர்களின் கணக்கைப் புரட்டிப்போட்டது. அதன் காலை நிகழ்ச்சியின் பெயர் கொக்ரோக்கூ, சேவல் கூவும் ஒலி. இம்மாதிரி நிகழ்ச்சிகளின் உயிர், நாளிதழ்களை விரித்துவைத்துப் பேசும் பகுதி. நாளிதழ் ஆங்கிலத்தில் இருக்கும். தொகுப்பாளர் தலைப்பை ஆங்கிலத்திலேயே ஒருமுறை படிப்பார். பிறகு ட்விக்கு மாறுவார். அந்த மாறுகிற இடத்தில்தான் இதழியலே நடக்கிறது. பணவீக்கம் இத்தனை சதவீதம், பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனை இது என்று அச்சில் இருப்பதைத் தக்காளி விலையாகவும் பள்ளிக் கட்டணமாகவும் ஆக்கினால்தான் ட்ரோட்ரோவில் தொங்குகிறவருக்குச் செய்தி. நாட்டிலேயே சிறந்த ஆங்கிலத்தோடு வந்திறங்கியவருக்கு அந்த அறையில் அந்த நேரத்தில் வேலை இல்லை. தேநீர் வாங்கிக் கொடுக்கலாம்.

இதற்கு இன்னும் ஆழமான ஒரு தளம் உண்டு. அக்கான் அரசவையில் தலைவர் பொதுச்சபையை நோக்கி நேரடியாகப் பேசுவது வழக்கமில்லை. ஒச்சியாமே என்ற வாக்குரைப்பவர் பக்கத்தில் இருப்பார். கையில் பொற்தகடு போர்த்த சிற்பம் முடியில் வைத்த கோல். தலைவர் மெல்லச் சொல்வதை அவர் சபைக்குரிய மொழியில் பழமொழி கோத்து எடுத்துரைப்பார். சபை சொல்வதும் அவர் வழியேதான் தலைவரிடம் போகும். சுடுசொல் நடுவில் ஆறிவிடும். வார்த்தை தடித்தால் பொறுப்பு யாருக்கு என்பதும் தெளிவு. இந்த மரபில் வளர்ந்த காதுக்கு, செய்தியை அணியில்லாமல் உலர்ந்த குரலில் வாசிப்பது நடுநிலையாகத் தோன்றுவதைவிட அலட்சியமாகத் தோன்றவே வாய்ப்பு அதிகம். அக்கான் செய்தி வாசிப்பாளர்கள் உவமையும் ஏற்ற இறக்கமுமாக வாசிப்பது அங்கிருந்து வருகிறது. வெளியிலிருந்து போகிறவர் இதைக் கேட்டவுடன் செய்தியில் கருத்தைக் கலக்கிறார்கள் என்று புருவத்தை உயர்த்துவார். முழுத் தப்பென்று சொல்ல மாட்டேன். விபத்தில் செத்தவரைப் பற்றிய செய்தி கைதட்டலுக்கான நாடகமாகிவிடும் நாட்களும் உண்டு. அங்குள்ள ஊடக ஆய்வாளர்களே அதைக் கண்டித்திருக்கிறார்கள். ஆனால் அணி எங்கே முடிந்து பொய் எங்கே தொடங்குகிறது என்ற கோட்டை ட்வி தெரிந்த காதுதான் போட முடியும். மொழி தெரியாத கண்டிப்பு வெறும் முகச்சுளிப்பு.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. உறவு, இனக்குழு, கட்சி என்று எதிலும் சிக்காத வெளியாள்தானே உள்ளூர்க்காரர் கேட்க முடியாத கேள்வியைத் துணிந்து கேட்க முடியும்? உண்மைதான். லைபீரியாவில் 1997இல் சுவிட்சர்லாந்தின் ஹிரோண்டெல் அறக்கட்டளை தொடங்கிய ஸ்டார் ரேடியோ, சார்லஸ் டெய்லரின் ஆட்சிக்குள் இருந்தபடியே சுயமாகச் செய்தி சொன்னது. 2000 மார்ச்சில் டெய்லர் அதை இழுத்து மூடினார். மூடியபின் என்ன ஆகிறது என்பதுதான் இந்த வாதத்தின் பலவீனமான முனை. வெளிநாட்டவருக்கு விமானச் சீட்டு இருக்கிறது. தலைநகர் மன்ரோவியாவின் உள்ளூர்க்காரர் அதே தெருவில், கேள்வி கேட்கப்பட்ட அதே ஆட்சியின்கீழ் குடியிருக்க வேண்டும். காம்பியாவில் கடுமையான பத்திரிகைச் சட்டங்களை எதிர்த்து எழுதிவந்த டெய்டா ஹைதாரா 2004 டிசம்பரில் தன் காரை ஓட்டிப்போகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கானாவில் புலனாய்வுச் செய்தியாளர் அகமது சுவாலேயின் படத்தை ஓர் அரசியல்வாதி தொலைக்காட்சியில் காட்டினார். சில மாதங்களில், 2019 ஜனவரியில், அக்ராவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வோல்டா ஆற்றின் முகத்துவாரத்தில் டங்மே மொழியில் 1998 முதல் பேசிவரும் ரேடியோ அடா, கானாவின் முதல் சமூக வானொலி. சோங்கோர் கழியின் உப்பு யாருக்குச் சொந்தம் என்பது அங்கே தீராத சச்சரவு. அதைப் பற்றிய நிகழ்ச்சிக்காக 2022 ஜனவரியில் ஆயுதங்களோடு ஆட்கள் புகுந்து ஊழியர்களை அடித்துக் கருவிகளை உடைத்தார்கள். அடுத்தவர் தோளில் துப்பாக்கியை வைத்துச் சுடுவது சுலபம். கேள்வியை வெளியாள் எழுதலாம். காற்றில் விடுவதா, இன்றா நாளையா, யார் குரலில் என்பதை முடிவு செய்யும் உரிமை அந்த ஊரில் தூங்கி எழுகிறவருக்கே சேரும்.

சோலி விஷயமும் ஏறக்குறைய இதே கதைதான். செய்தியாளர் கூட்டம் முடிந்ததும் போக்குவரத்துச் செலவு என்ற பெயரில் கைமாறும் பணத்துக்குக் கானாவில் சோலி என்று பெயர். சாலிடாரிட்டி என்பதன் சுருக்கம். நைஜீரியாவில் பழுப்பு உறை. நம்மூர்ப் பத்திரிகை உலகத்தில் கவர் என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். வாங்கக்கூடாது என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஐரோப்பியச் சம்பளமோ உதவித்தொகையோ வாங்குகிறவர் அதை மறுப்பதும், பேருந்துக் கட்டணத்துக்கே சம்பளம் பற்றாத நிருபர் மறுப்பதும் ஒரே தட்டில் வைக்கும் அறம் ஆகாது. ஒழுக்கப் பாடம் எடுக்குமுன் சம்பளச் சீட்டைப் படிப்பது நல்லது.

அப்படியானால் போகவே வேண்டாமா? போகலாம், எப்படி என்பதற்கு நைஜீரிய ஒலிபரப்பின் தொடக்க வரலாறே வழி காட்டுகிறது. 1951இல் அதைக் கட்டி எழுப்ப பி.பி.சி.யிலிருந்து டி.டபிள்யூ. சாமர்ஸ் தலைமையில் ஆட்கள் வந்தார்கள். 1954இல் சேர்ந்த இளைஞர்களில் ஒருவர், பின்னாளில் நாவலாசிரியராகப் பெயர்பெற்ற சினுவா அச்செபே. உரைகள் பிரிவில் மற்றவர் எழுதியதைக் காதுக்கு ஏற்றபடி திருத்துவது வேலை. 1956இல் லண்டனுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 1958இல் கிழக்கு மண்டலத்துக்குக் கட்டுப்பாட்டாளர், 1961இல் வெளிநாட்டு ஒலிபரப்பின் இயக்குநர். அப்போது வயது முப்பதைச் சுற்றி. வந்தவர்கள் தங்கள் நாற்காலியை உள்ளூர்க்காரரிடம் விட்டு எழுந்தார்கள் என்பதுதான் அவர்கள் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. காலனி ஆட்சி முடிகிற நெருக்கடி எழுப்பியது, பெருந்தன்மை மட்டும் அன்று என்று சிலர் சொல்லலாம். சரி, எழுந்தார்களே. எதிர்த் திசையையும் பார்க்க வேண்டும். அக்ராவின் ஜாய் எஃப்.எம். காலை நிகழ்ச்சியில் பெயர் வாங்கிய கொம்லா டுமோர் 2007இல் லண்டன் பி.பி.சி.க்குப் போனார், 2014இல் நாற்பத்தோரு வயதில் இறக்கும்வரை அதன் முகங்களில் ஒருவராக இருந்தார். அவர் லண்டன் போனதை லண்டனுக்குப் பயிற்சி கொடுக்கப் போனதாக யாரும் எழுதவில்லை. வேலைக்குப் போனார் என்றார்கள். அக்ராவுக்கு வருகிறவரும் வேலைக்கு வந்தவராக மட்டும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். ஒலியை வெட்டி ஒட்டலாம், ஆவணம் தேடலாம், வரவு செலவுக் கணக்கைப் பிரித்துப் படிக்கச் சொல்லித் தரலாம், மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பெட்டி இப்போது பதில் வாங்கத் தொடங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஊடகம் நடத்த உரிமம் தேவையில்லை என்று கானாவின் 1992 அரசியல் சட்டம் 162ஆம் பிரிவில் சொன்னது. அரசு அலைவரிசையைத் தராமல் இழுத்தடித்தது. 1994 கடைசியில் ரேடியோ ஐ என்ற நிலையம் அனுமதி இல்லாமலே ஒலிக்க, போலீஸ் கருவிகளை அள்ளிப்போனது. அடுத்த ஆண்டு ஜாய் எஃப்.எம். வந்தது, பிறகு வரிசையாக மற்றவை. 2000 தேர்தலில் ஜனங்கள் வாக்குச் சாவடியிலிருந்தே நிலையங்களை அழைத்து நடப்பதைச் சொன்னார்கள். இன்று காலை நிகழ்ச்சிகளில் தொலைபேசி ஓய்வதில்லை. ஓயாததற்குக் கட்சிகளும் ஒரு காரணம்: காசு கொடுத்து, நிலையம் நிலையமாக அழைத்துப் பேசவென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். சீரியல் காலர் என்று கானாவில் அவர்களுக்குப் பெயர். ஒருவரே காலையில் குமாசி வியாபாரியாகவும் பத்து மணிக்கு டேமா துறைமுகத் தொழிலாளியாகவும் பேசுவார். புதிதாக வந்தவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மக்கள் எவ்வளவு ஆர்வமாக அரசியல் பேசுகிறார்கள் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழைப்புகளை எடுக்கிற உள்ளூர்க்காரர் மூன்றாவது சொல்லிலேயே ஆளைக் கண்டுபிடித்து, வணக்கம் சொல்லி, இணைப்பைத் துண்டித்திருப்பார்.