மதினியும் மலையும்

எங்கள் கோஷ்டி மூன்று பேர் கொண்டது. ஒருவர் பாங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பள்ளிக்கூட உபாத்தியாயர். மூன்றாமவருக்குத் திருநெல்வேலியில் ஜவுளிக் கடை. மூவருக்கும் பொதுவாக உள்ளவை இரண்டு: முழங்கால் வலி, மலைப் பைத்தியம். நான்காவதாக எங்களோடு சேர்ந்தவர் பாங்கிக்காரரின் மனைவி. மற்ற இருவருக்கும் அவர் மதினி. நாளடைவில் பாங்கிக்காரரே வாய் தவறி, "மதினி, காப்பி ஆயிற்றா?" என்று கேட்டுவிடும் அளவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மதினி பிறந்தது அம்பாசமுத்திரம். அவருடைய பிறந்த வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மேற்கே பொதிகை மலைத் தொடர் நீல நிறத்தில் நிற்கும். வடகம் காயப்போட மாடிக்குப் போன நாளெல்லாம் அந்த மலையைப் பார்த்தே வளர்ந்தவர் அவர். குளித்தது, குடித்தது எல்லாம் அந்த மலையில் பிறக்கும் தாமிரபரணித் தண்ணீர்தான். ஆகவே 2011-ஆம் வருஷம் நாங்கள் அகஸ்தியகூடத்துக்குப் புறப்பட்டபோது, எங்கள் மூவரையும்விட அவருக்குத்தான் அதில் அதிக பாத்தியதை இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

நம் பக்கத்துக் காட்டு வழி மூடிக் கிடப்பதால், மலையாள நாட்டைச் சுற்றிக்கொண்டு, திருவனந்தபுரத்துக்கு அப்பால் விதுரை வழியாகப் போணக்காடு போய்ச் சேர்ந்தோம். பழைய தேயிலைத் தோட்டம், ஆளரவமற்ற ஊர். அங்கே காட்டு வாசலில் இருந்த காவலர் எங்கள் சீட்டுகளைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார். ஸ்திரீகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அந்த நாளில் மலையேற அனுமதி கிடையாது. இது எங்களுக்குத் தெரியாதா? அரைகுறையாகத் தெரியும். போய்க் கேட்டுப் பார்த்தால் விட்டுவிடுவார்கள் என்று ஓர் அசட்டுத் தைரியம். அவர் விடவில்லை.

அப்போது நாங்கள் செய்திருக்க வேண்டிய காரியம் என்ன என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். செய்த காரியத்தைச் சொல்லுகிறோம். மதினியை வந்த ஜீப்பிலேயே ஏற்றி விதுரைக்கு அனுப்பிவிட்டு மலை ஏறினோம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு எதற்குத் திரும்ப வேண்டும்? போய்வாருங்கள்" என்று அவரேதான் சொன்னார். நால்வருக்காக அவர் கட்டி எடுத்து வந்த புளியோதரையையும் எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். நடுவழியில் ஓர் ஓடைக்கரையில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டோம். நன்றாகவே சாப்பிட்டோம். இதையும் மறைப்பதற்கில்லை.

மூன்றாம் நாள் திரும்பி வந்தோம். யானை பிளிறிய கதை, அட்டை கடித்த கதை, கயிற்றைப் பிடித்துப் பாறை ஏறிய கதை எல்லாவற்றையும் மதினி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மேலேயிருந்து அம்பாசமுத்திரம் தெரிந்ததா?"

உச்சியில் நாங்கள் கண்டது வெள்ளைப் பனிமூட்டம் ஒன்றுதான். பக்கத்தில் நின்றவர் முகம் தெரியவில்லை. ஆனால் ஜவுளிக்கடைக்காரர், "தெரிந்தது மதினி, கோயில் கோபுரங்கூடத் தெரிந்தது!" என்று சொல்லிவிட்டார். மற்ற இருவரும் தலையை ஆட்டினோம்.

வருஷங்கள் ஓடின. 2018 நவம்பரில் கேரள ஹைகோர்ட்டு, அந்த மலையில் ஏறுவதற்கு ஆண் பெண் வித்தியாசம் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 14-ஆம் தேதி, ராணுவ இலாகாவின் செய்தித் தொடர்பாளர் தன்யா சனல் என்ற பெண்மணி புறப்பட்டுச் சென்று உச்சியைத் தொட்டார். பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை மதினி கத்தரித்து வைத்துக்கொண்டார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு கொரோனா வந்தது; பேரக் குழந்தை வந்தது. கடைசியில் 2024 பிப்ரவரியில் நால்வரும் மறுபடி போணக்காட்டு வாசலில் நின்றோம். காவலர் எங்கள் மூட்டைகளில் பிளாஸ்டிக் உண்டா என்று மட்டும் பார்த்தார்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் காணிக்காரர்; அந்தக் காட்டிலேயே பிறந்தவர். தமிழும் மலையாளமும் கலந்த ஒரு பாஷையில் பேசினார். அந்தப் பாதையில் முட்டிடிச்சான் என்று ஓர் ஏற்றம் உண்டு. ஏறுகிறவனுடைய முட்டி அவன் நெஞ்சிலேயே வந்து இடிக்குமாம். எங்களுக்கு எந்த ஏற்றமும் முட்டிடிச்சானாகத்தான் இருந்தது. வழிகாட்டிக்கோ வியர்க்கக்கூட இல்லை.

1987-ல் இதே மலையில் இதே அவஸ்தையைப் பட்டார்கள் புஷ்பாங்கதன் முதலிய விஞ்ஞானிகள். தாங்கள் மூச்சு வாங்க, கூட வந்த காணிக்காரர்கள் மட்டும் ஏதோ ஒரு சின்னக் காயைத் தின்றுகொண்டு உல்லாசமாக நடப்பதைக் கண்டு, அது என்னவென்று கேட்டார்கள். எளிதில் பதில் கிடைக்கவில்லை. வற்புறுத்திய பிறகே செடியைக் காட்டினார்களாம். அதுதான் ஆரோக்கியப் பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உண்டாயிற்று. மருந்தால் வந்த பணத்தில் பாதியைக் காணிக்காரருக்கே கொடுப்பதென்று முடிவு செய்து, அதற்காக 1997-ல் ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. காட்டுவாசியின் அறிவுக்கு விலை உண்டென்று நம் தேசத்தில் ஒப்புக்கொண்ட ஆரம்ப நிகழ்ச்சிகளில் அது ஒன்று. விலை போதுமா என்பது வேறு விஷயம். "எங்களுக்கும் இரண்டு காய் பறித்துக் கொடுங்களேன்" என்றோம். "இது சரணாலயம், பறிக்கக் கூடாது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு நடந்தார்.

மதினி அவரிடம் வேறொன்று கேட்டார். "நான் மேலே வருவதில் உங்களுக்கு வருத்தம் உண்டா?"

அகஸ்தியர் அவர்களுக்குக் குலதெய்வம். 2019-ல் பெண்கள் ஏறுவதைக் காணிக்காரர்கள் அமைதியாக உட்கார்ந்து ஆட்சேபித்ததும் உண்மை. வழிகாட்டி சற்று நேரம் பேசாமல் நடந்தார். "உண்டு அம்மா. என் பாட்டி இந்தக் காட்டிலேயே பிறந்து இந்தக் காட்டிலேயே செத்தாள். ஒரு நாளும் உச்சிக்குப் போனதில்லை. ஆனால் உங்களைப் பத்திரமாகக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவிடுவது என் பொறுப்பு" என்றார். மதினி மேற்கொண்டு பேசவில்லை.

சாயங்காலம் அதிருமலைக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தோம். யானை வராமல் சுற்றிலும் அகழி வெட்டியிருக்கிறது. தகரக் கூரை, பாய், எதிரே செங்குத்தாக நிற்கும் சிகரம். கஞ்சியும் பயறும் கொடுத்தார்கள். அந்தக் கஞ்சிக்கு ஈடாக எந்த ஹோட்டல் விருந்தையும் சொல்ல மாட்டோம். இருட்டியதும் காற்று கூரையைப் பிய்த்துவிடுவது போல் அடித்தது. திருவனந்தபுரம் வானசாஸ்திரசாலையின் தலைவராக இருந்த ப்ரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1850-களில் இம்மலை உச்சியிலேயே ஓர் ஆராய்ச்சிக் கூடம் கட்டி, காந்த ஊசியையும் காற்றழுத்தத்தையும் அளக்க ஏற்பாடு செய்தாரே, அங்கே காவலிருந்தவர்கள் எப்படித்தான் தூங்கினார்களோ என்று உபாத்தியாயர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். ஒருவரும் கேட்கவில்லை.

பிரசங்கம் நின்றதும் சிறிது நேரம் மௌனம். நாளைக் காலையில் குட்டு வெளிப்படப் போகிறதே என்ற பயம் எங்கள் மூவரையும் பிடித்துக்கொண்டது. கடைசியில் பாங்கிக்காரர்தான் வாயைத் திறந்தார். "அன்றைக்கு மேலே ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் பனி."

"தெரியுமே" என்றார் மதினி, கஞ்சிக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே. "அவ்வளவு தூரத்திலிருந்து கோபுரம் எப்படித் தெரியும்? நான் ஒரு நாளாவது இங்கேயிருந்து மலையில் நிற்கிற ஆளைப் பார்த்திருக்கிறேனா?"

"பின்னே ஏன் கேட்கவில்லை?"

"நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்தேன். பதின்மூன்று வருஷமா ஆகும்?"

எங்களுக்கு நல்லவேளையாக இருட்டு துணை நின்றது.

மறுநாள் காலை உச்சிக்கு ஏறினோம். 1,868 மீட்டர். கடைசிப் பாறைகளில் கயிறு கட்டியிருந்தார்கள். மதினி புடவைக்குப் பதில் மகளுடைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு முதலில் ஏறினார். கடைசியில் ஏறியது ஜவுளிக்கடைக்காரர். உச்சியில் அதே பனிமூட்டம், ஆள் மாறாமல் காத்திருந்தது. அகஸ்தியர் விக்கிரகத்தின் அருகே நாங்கள் போனோம். மதினி போகவில்லை; வழிகாட்டியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, தள்ளி ஒரு பாறையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அரை மணி நேரம் ஆயிற்று. "இறங்க வேண்டும்" என்றார் வழிகாட்டி. நாங்கள் கயிற்றையும் கைத்தடியையும் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, "ஆ!" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தோம். மதினி எழுந்து நின்றுகொண்டிருந்தார். எங்கள் கண்ணுக்குப் பனிதான்.

"என்ன மதினி?"

"காரையார் அணைத் தண்ணீர். அதற்கு அப்பால் எங்கள் ஊர்."

"மெய்யாகவா?"

"கோயில் கோபுரங்கூடத் தெரிந்தது" என்று சொல்லிவிட்டு, மதினி கயிற்றைப் பிடித்து இறங்கத் தொடங்கினார்.