அம்மாவுக்கு ஒரு கைப்பிடி

எங்க வீட்டு மாடிப்படி வெளிப்பக்கம். பத்து வருஷமா கைப்பிடியே இல்ல. பங்குனியில மொட்டை மாடியில மிளகாய் காயப்போட்டுட்டு இறங்கின அம்மா, கடைசி மூணு படியில வழுக்கி விழுந்தாங்க. நல்லவேளை, கை வீக்கத்தோட போச்சு.

மறுநாளே திட்டக்குடி வெல்டிங் பட்டறைக்குப் போனேன். எவர்சில்வர் பைப் பளபளன்னு இருந்துச்சு. ஆனா சித்திரை வெயில்ல தொட முடியுமா? வினைல் அந்தளவு கையைச் சுடாது, துருவும் பிடிக்காது. தனியா நிறுத்தினா ஆடும். அதனால உள்ளே இரும்பு பைப், மேலே வினைல் உறை. மூணடி உயரம். சின்னவன் தலை நுழையாதபடி நெருக்கமா கம்பி. பூச்சுல இல்லாம, காங்கிரீட்டுல துளை போட்டு போல்ட் முடுக்கச் சொன்னேன்.

"எனக்கெதுக்குடா இந்தச் செலவு?"ன்னாங்க அம்மா. இப்போ உச்சி வெயில்லயும் அதைப் பிடிச்சுதான் இறங்குறாங்க.

அடுத்த தடவை ஊருக்கு வந்தா, முதல்ல உங்க வீட்டு மாடிப்படியைப் பாருங்க.