மூன்று குளிர்காலங்களின் புளிப்பு

பியர் என்றால் கசப்பு என்று பழகிய நாக்குக்கு, ப்ரஸ்ஸல்ஸ் நகரிலும் அதன் தென்மேற்கே விரியும் பயோட்டன்லாந்து என்னும் வேளாண் வட்டாரத்திலும் காய்ச்சப்படும் லாம்பிக் வகைப் பியர் முதல் மிடறிலேயே திகைப்பைத் தருகிறது. கசப்பை எதிர்பார்த்த இடத்தில் புளிப்பு நிற்கிறது. தானியத்தின் இனிப்பு அறவே வற்றியிருக்கிறது. கோப்பையிலிருந்து எழும் வாசனையில் வைக்கோலும் ஈரத் தோலும் பழைய மரமும் கலந்திருக்கின்றன. சிறு ஆலைகளில் சிறு அளவில் காய்ச்சப்படும் கைவினைப் பியர்களைத் தேடிக் குடித்துத் தம் அனுபவங்களைக் குறித்து வைப்பவர்கள், இவ்வகையைப் பற்றி எழுத நேர்ந்தால் பெரும்பாலும் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவர். கெட்டுப்போன சரக்கு என்று ஒதுக்குவது ஒரு கட்சி. பியர்களின் அரசன் என்று தலையில் வைத்துக் கொண்டாடுவது மற்றொன்று. இரண்டும் முதல் கோப்பையை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுகின்றன என்பதுதான் சிக்கல். மற்றப் பியர்களில் சுவைத்தல் என்பது எல்லாம் முடிந்தபின் குடிப்பவர் செய்யும் வேலை. லாம்பிக்கிலோ அது தயாரிப்பின் நடுவிலேயே, ஆண்டுக்கணக்கில், தயாரிப்பாளர் கையால் நடக்கும் வேலை.

லாம்பிக்கின் அடிப்படைப் பொருள்களில் மறைபொருள் ஏதுமில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லி, அதாவது மால்ட், மூன்றில் இரு பங்கை ஒட்டியும், முளைகட்டாத பச்சைக் கோதுமை எஞ்சிய பங்காகவும் சேர்கின்றன. இவற்றை வெந்நீரில் ஊறவைத்து வடிக்கும் முறையில், மாவுச்சத்து முழுவதும் சர்க்கரையாக மாறிவிடாதபடி, கலங்கிய நீரைப் பகுதி பகுதியாக எடுத்துக் கொதிக்கவைத்து மீண்டும் சேர்ப்பார்கள். சாதாரண ஈஸ்ட் தின்ன முடியாத நீண்ட சங்கிலிச் சர்க்கரைகள் இதனால் நீரில் தங்குகின்றன. பின்னால் வரவிருக்கும் மெதுவான நுண்ணுயிர்களுக்கு அவையே கட்டுச்சோறு. வடித்த இனிப்பு நீரை மணிக்கணக்கில் கொதிக்கவைக்கும்போது ஹாப்ஸ் என்னும் கொடிப் பூவைச் சேர்ப்பது எல்லாப் பியருக்கும் பொது. மற்றவர்கள் கசப்புக்காகவும் மணத்துக்காகவும் புதிய பூவைத் தேடுவார்கள். லாம்பிக்காரர்களோ இரண்டு மூன்று ஆண்டு பழசாகி, கசப்பையும் மணத்தையும் பெரிதும் இழந்த பூவையே வாங்குவார்கள். வேண்டாத பாக்டீரியாக்களை அடக்கிவைக்கும் அதன் குணம் மட்டுமே அவர்களுக்குத் தேவை. அமெரிக்கக் கைவினைப் பியர் உலகம் புதுப் பூவின் மணத்துக்காகவே ஒரு சந்தையை எழுப்பியிருக்கும் காலத்தில், பழம்பூவைத் தேடி வாங்கும் இந்தப் பழக்கம் ஒரு குறும்பு போலவே தோன்றக்கூடும்.

கொதித்த நீரை அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் லாம்பிக் தனித்து நிற்கிறது. ஆலையின் கூரைக்கு நேர்கீழே, ஆழமில்லாத அகன்ற செப்புத் தொட்டி ஒன்றில் அதை ஊற்றி, கூரையின் சாளரங்களைத் திறந்துவிட்டு, இரவு முழுவதும் அப்படியே ஆறவிடுகிறார்கள். ஈஸ்ட்டை எவரும் சேர்ப்பதில்லை. குளிர்ந்த காற்றிலும் உத்திரங்களிலும் பலகை இடுக்குகளிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த நீரில் இறங்குகின்றன. விடியும்போது அதன் வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரிக்கு வந்திருக்கும், பிறகு அதை மரப் பீப்பாய்களுக்கு மாற்றுகிறார்கள். பாளையிலிருந்து இறங்கும் பதநீர், சுண்ணாம்பு தடவாத கலயத்தில் தானாகவே கள்ளாகிவிடுவதை அறிந்த தமிழருக்கு இது புதுமையாகத் தோன்றாது. கள் ஒரு பொழுதில் முடிந்துவிடுகிறது, லாம்பிக் மூன்று ஆண்டு கேட்கிறது என்பதே வேறுபாடு. வெயில் காலத்துக் காற்றில் பியரைக் கெடுக்கும் உயிர்கள் மிகுதி. நீரும் ஓரிரவில் ஆறாது. எனவே அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையுள்ள குளிர்மாதங்களில் மட்டுமே காய்ச்சுகிறார்கள்.

பீப்பாய்க்குள் நடப்பது ஒரு நீண்ட வரிசை. முதல் சில வாரங்கள் குடல் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தவை ஆடி அடங்குகின்றன. பிறகு ரொட்டிக்கும் சாராயத்துக்கும் பொதுவான சாக்கரோமைசீஸ் ஈஸ்ட் மூன்று நான்கு மாதங்களில் எளிய சர்க்கரையை ஆல்கஹாலாக்கிவிடுகிறது. கோடை வந்ததும் பீடியோகாக்கஸ் என்னும் பாக்டீரியா தலையெடுத்து, தயிரைப் புளிக்கவைக்கும் அதே லாக்டிக் அமிலத்தைச் சுரக்கிறது. இந்தக் கட்டத்தில் பியர் கொழகொழத்து எண்ணெய்போல இழுபடுவதும் உண்டு, அப்போது அதை நோயுற்ற பியர் என்கிறார்கள். கடைசியாக வருவது ப்ரெட்டனோமைசீஸ் என்னும் மெதுவான ஈஸ்ட். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணிபுரிந்த நீல்ஸ் யெல்டெ க்ளாசன், நெடுநாள் தேக்கிவைத்த ஆங்கிலப் பியர்களின் தனிச்சுவைக்கு இதுவே காரணம் என்று 1904இல் அறிவித்தார். ஒயின் ஆலைகளில் இது புகுந்துவிட்டால் பீப்பாயையே கொளுத்த வேண்டும் என்று அலறுவார்கள். லாம்பிக்கில் இதுவே கொழகொழப்பைத் தெளியவைத்து, எவரும் தொடாத நீண்ட சர்க்கரைகளையும் தின்று, தொழுவத்து வைக்கோலையும் கிராம்பையும் நினைவூட்டும் மணத்தை விட்டுச் செல்கிறது.

இந்த வேலையைக் கண்ணால் பார்க்க விரும்புவோருக்கு ப்ரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட் பகுதியில் கான்டியோன் ஆலை இருக்கிறது. 1900இல் தொடங்கிய இந்தக் குடும்ப ஆலையை, லாம்பிக்கின் விற்பனை நலிந்துகிடந்த 1978இல், ஜான்-பியர் வான் ரோய் இயங்கும் அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். ஆலை பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். மேல்தளத்தில் செப்புத் தொட்டி. அதன் விளிம்பில் தையலிட்டதுபோல் வரிசையாக ஆணிகள். தலைக்கு மேலே ஓடுகளுக்கு இடையே வெளிச்சம் கசிகிறது. கீழே இருட்டறையில் பீப்பாய்கள் அடுக்கடுக்காகப் படுத்திருக்க, சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய குறிகள் அவற்றின் முகத்தில் தெரிகின்றன. சிலந்தி வலைகளை யாரும் துடைப்பதில்லை; பீப்பாய்களை மொய்க்கும் பழ ஈக்களைச் சிலந்திகள் பிடித்துத் தின்றுவிடுவதால் அவை ஆலையின் சம்பளமில்லா ஊழியர்கள். சுத்தம் என்றால் எவர்சில்வர் தொட்டி என்று எண்ணும் உணவுத் துறை அதிகாரி எவரும் இங்கே வந்து நின்றால் அவர் முகம் எப்படி மாறும் என்று கற்பனை செய்வது சுவையான பொழுதுபோக்கு.

காய்ச்சுவது ஒரு நாள் வேலை. பிறகு மூன்று ஆண்டுகள் சுவைத்துப் பார்ப்பதே வேலை. ஒரே நாளில் ஒரே தொட்டியிலிருந்து நிரப்பிய பீப்பாய்கள்கூட ஒரே வழியில் போவதில்லை: ஒன்று கூர்மையான புளிப்பாகும், மற்றொன்று மென்மையாக உருண்டுவரும், மூன்றாவது வினிகராகிக் கொட்டப்படும். கலப்பவர் பீப்பாய் பீப்பாயாகச் சிறிது இறக்கிச் சுவைத்து, ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு வயதுள்ளவற்றைச் சேர்த்து பாட்டிலில் அடைக்கிறார். இளையதில் மீந்த சர்க்கரை பாட்டிலுக்குள் மீண்டும் நொதித்து வாயுவைத் தருகிறது. மூத்தது ஆழத்தைத் தருகிறது. இவ்வாறு கலந்தது க்யூஸ் எனப்படும். ஷாம்பெயினுக்குரிய தடித்த பாட்டிலும் தக்கையும் இதற்கு வேண்டியிருப்பது உள்ளே சேரும் அழுத்தத்தால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் பதிவுசெய்து காக்கும் 'பழைய க்யூஸ்' என்ற பெயரைத் தாங்க வேண்டுமானால், கலவையின் மூத்த பகுதி மூன்றாண்டு வயதையாவது எட்டியிருக்க வேண்டும். தாமே காய்ச்சாமல், பிற ஆலைகளின் நீரை வாங்கித் தம் பீப்பாய்களில் வளர்த்துக் கலந்து விற்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு. நாக்கை நம்பி நடக்கும் தொழில் என்று இதைச் சொல்வது மிகையாகாது.

இதை மனத்தில் கொண்டு சுவைக்கத் தொடங்குபவர் கலவாத லாம்பிக்கிலிருந்து தொடங்குவது நல்லது. குடுவையிலிருந்து ஊற்றப்படும் அதற்கு நுரை கிடையாது, வாயுவும் இல்லை. ஆறிப்போன தேநீர் நிறத்தில் அசையாமல் நிற்கிறது. நுரையின் விறுவிறுப்பு இல்லாததால் புளிப்பு மறைந்துகொள்ள இடமின்றி நேராக நாக்கின் இரு ஓரங்களையும் பிடிக்கிறது. இரண்டாம் மிடறில் புளிப்பின் பின்னே தோலுரித்த பச்சை ஆப்பிளும், மூன்றாம் மிடறில் ஈரமான ஓக் மரமும் வெளிப்படுகின்றன. கான்டியோனின் க்யூஸை இதற்குப் பின் குடித்தால்தான் கலப்பவர் என்ன செய்திருக்கிறார் என்பது புரிகிறது. அதே புளிப்பு இங்கே எலுமிச்சையின் கூர்மைக்கு ஏறி, வாயுவில் சிதறி, பம்ப்ளிமாஸ் பழத்தின் வெள்ளைத் தோலிலுள்ள கசப்போடு முடிகிறது. விழுங்கிய பின் வாய் வறண்டுபோய் அடுத்த மிடறைக் கேட்கிறது. ஆல்கஹால் 5 சதவீதத்தைச் சற்றே தாண்டுவதால் தலைக்கு ஏறுவதைவிட வயிற்றைக் கிளறுவதே இதன் இயல்பு. வெறும் வயிற்றில் குடிக்கத் தக்கதன்று.

லெம்பேக் ஊரின் போன் ஆலை தயாரிப்பது வேறு குணம். பெரிய மரத் தொட்டிகளில் வளர்வதாலோ என்னவோ அதில் புளிப்பு அடங்கி, ரொட்டியின் மேலோடும் வெனிலாவும் தேனும் முன்னே வருகின்றன. முதன்முதலாக இவ்வகையைக் குடிப்பவருக்குக் கையில் கொடுக்க வேண்டியது இதுவே. கான்டியோனைக் கொடுத்து ஒருவரை நிரந்தரமாக விரட்டிவிடுவது எளிது. பேர்செல் ஊரின் ட்ரீ ஃபோன்டைனன் க்யூஸ் இவ்விரண்டுக்கும் நடுவே என்று சொல்லத் தோன்றும், ஆனால் அது சரியன்று. தொழுவ வாசனை இதில்தான் மிகுதி, அதன் அடியில் பழுத்த ஆப்ரிகாட் இருக்கிறது, முடிவில் ஹாப்ஸின் கசப்பு மெல்லத் தலைகாட்டுகிறது. மூன்றையும் அருகருகே வைத்துக் குடித்தால் மணத்தில் முதலிடம் இதற்கே. 2009இல் தொழிலில் இறங்கிய பியேர் டில்கன் என்பவர் வாலோனியாப் பகுதியில் கலந்து அடைக்கும் க்யூஸ் இவற்றினும் மென்மையானது. மென்மை அதன் நலமும் குறையும்.

பரிமாறும் முறையை இங்கே சடங்கு என்று தள்ளிவிட முடியாது. பாட்டில் கிடந்த நிலையிலேயே சாய்ந்த கூடையில் வைத்துக் கொண்டுவரப்படுகிறது. அடியில் தங்கிய ஈஸ்ட் கலங்காமலிருக்க அதை நிமிர்த்துவதில்லை. 12 டிகிரி வெப்பமே இதற்குப் போதும். ஐஸ்கட்டிக் குளிரில் மணம் செத்துப் புளிப்பு மட்டுமே எஞ்சும். ருசி கெட்டது என்று எழுதியவர்களில் பாதிப்பேர் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்துக் குடித்தவர்களாக இருக்கக்கூடும். துணைக்கு வெள்ளைப் பாலாடைக்கட்டி தடவி முள்ளங்கித் துண்டுகளும் வெங்காயத் தாளும் தூவிய ரொட்டித் துண்டு. பழைய மதுக்கடைகளில் புளிப்புத் தாங்காதவர்களுக்குச் சர்க்கரைக் கட்டியும், அதைக் கோப்பைக்குள் நசுக்குவதற்கு ஒரு கம்பியும் தருவார்கள். தூய்மைவாதிகள் முகம் சுளித்தாலும் உள்ளூர் முதியவர்கள் அப்படித்தான் குடித்து வந்தார்கள். எய்சரிங்கன் என்ற சிற்றூரில், தேவாலயத்துக்கு எதிரே, பெருந்தாகத்துக்கு எதிரான காப்பீடு என்று பெயர் சூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கும் ஒரு கடையும் உண்டு; பிரசங்கம் முடிந்து வெளியே வருபவரின் நிலையை அறிந்து வைத்த பெயர்.

க்ரீக் என்பது புளிப்புச் செர்ரியை லாம்பிக்கில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுப்பது. லிட்டருக்கு 200 கிராம் அளவில் பழம் சேர்கிறது. நல்ல க்ரீக்கில் இனிப்பு இராது, ஏனெனில் பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் ஒரு துளி விடாமல் தின்றுவிட்டிருக்கும். நிறமும் மணமும் கொட்டையிலிருந்து வரும் பாதாம் சாயலுமே எஞ்சும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் செந்நிறப் பியர்களில் பல பழச்சாறும் இனிப்பும் கூட்டி அடைக்கப்பட்டவை. அவை குளிர்பானத்தின் உறவினர்கள். குடித்துத் தீர்க்கலாம், குறிப்பெழுத அவற்றில் ஒன்றுமில்லை.

இவ்வளவும் தட்பவெப்பத்தின் தயவில் நிற்கிறது. ட்ரீ ஃபோன்டைனனின் அர்மாண்ட் டெபெல்டர், 2009இல் கிடங்கின் வெப்பக்கட்டுப்பாட்டுக் கருவி பழுதானதில் ஏறத்தாழ 80,000 பாட்டில்களை இழந்தார். வெடிக்காமல் தப்பியும் விற்க முடியாமல் போனவற்றை வடித்துச் சாராயமாக்கினார். 2015 நவம்பரிலோ பழுதானது பருவமே. குளிராத இரவுகளால் கான்டியோன் காய்ச்சுவதை இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. பெல்ஜியத்தின் பியர் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது அதற்கு அடுத்த ஆண்டு.

பாட்டிலுக்குள் ஈஸ்ட் உயிரோடிருப்பதால் அடைத்த பின்னும் சுவை நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த ஆண்டு எலுமிச்சையாகக் கூசியது ஐந்தாண்டில் தேன்மெழுகாக அடங்கலாம். ஒரே பெயர்ச்சீட்டுள்ள இரு பாட்டில்களைக் குடித்த இருவர் ஒன்றுக்கொன்று முரணாக எழுதினால் இருவரும் மெய்யே எழுதியிருக்கக்கூடும். ட்ரீ ஃபோன்டைனன் இதை உணர்ந்து, எந்தப் பருவத்தில் கலந்தது, எத்தனையாவது கலவை என்ற எண்ணைப் பெயர்ச்சீட்டிலேயே அச்சிடுகிறது. சுவைத்ததைக் குறித்து வைப்பவர் வைக்கோல், ஆப்ரிகாட் என்று எழுதுவதற்கு முன் அந்த எண்ணை எழுதிக்கொண்டால், அதே கலவையைப் பிறகு திறப்பவருக்கு அக்குறிப்பு பயன்படும்.