மூன்று நிமிட வாழ்வு

கல்லூரி நாட்களிற் பௌதிகத்துக்கு அஞ்சித் தமிழிடம் தஞ்சம் புகுந்தோருள் நாமும் ஒருவர். பின்னர் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, இன்று புத்தளக் கரையோரச் சிற்றூரொன்றிலே தமிழ் கற்பிக்கின்றோம். பௌதிக ஆசிரியர் இன்மையால் அவ்வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் கடன் எம்மேல் வீழ்ந்தது.

கரைவலை இழுக்கும் குடும்பத்து மாணவனொருவன் வினவினான்: "ஐயா, மூன்று நிமிடத்திற் பாதி அழியும் சமதானியின் கருவுக்குள்ளே சத்தி மட்டங்கள் உண்டென எப்படிக் கண்டார்கள்?"

"அஃது அந்நிய நாட்டார் கண்டது, பரீட்சைக்கு மனனஞ் செய்" என்றோம். மறுவாரம் அவன் வரவில்லை. வலைக்குப் போய்விட்டான் என்றனர்.

அவ்விடை எம்மை உறுத்திற்று. நூல்களைத் தேடினோம், நாணினோம். 1904ஆம் ஆண்டில், சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி, இலங்கைக் கனிப்பொருளாய்வின் பணிப்பாளராயிருந்தபோது, பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த கரிய படிகமொன்றைக் கண்டறிந்தார். தோரியனைற்று என்பது அதன் பெயர். அக்கனியத்திலிருந்தே 1905இல் இலண்டனில் ஒட்டோ ஆன் கதிர்த்தோரியத்தைக் கண்டார். அதன் வழித்தோன்றலாகிய பிசுமது 212, ஒரு மணி நேர அரைவாழ்வுடையது. அது அல்பாத் துணிக்கையை உமிழ்ந்தால் எஞ்சுவதே அம்மாணவன் கேட்ட மூன்று நிமிடத் தலியம் 208.

1929இல் பாரிசை அடுத்த பெல்வூவில் உரோசன்புளூம் என்பார் அவ்வல்பாக்களைப் பெருங்காந்தத்தால் வளைத்துப் பார்த்தார். அவை ஒரே வேகத்தன அல்ல. தனித்தனிக் கூட்டங்களாய்ப் பிரிந்தன. முதன்மையான இரண்டின் சத்தி 6.09, 6.05 மில்லியன் இலத்திரன்வோற்று. குறைந்த சத்தியோடு அல்பா புறப்பட்டால் மிச்சம் எங்கே? பிறந்த தலியக் கருவிலேயே தங்கும். கரு அதனைக் காமாக் கதிராய் விடும். அக்கதிரின் சத்தி ஏறத்தாழ 40 ஆயிரம் இலத்திரன்வோற்று. கணக்கு ஒத்தது. காணவியலாக் கருவின் ஒரு மட்டம் தெரிந்தது. அடுத்த ஆண்டிற் காமோ இதற்கு விளக்கமும் தந்தார்.

இத்தனையையும் தாளில் எழுதிக்கொண்டு கடற்கரைக்குச் சென்றோம். அவன் கயிற்றை விடாமலே கேட்டான்.

"கயிற்றின் இழுவையால் மடியின் பாரம் அறிவது போலவா, ஐயா?"

உவமை கற்பிக்கும் எமக்கு இவ்வுவமை தோன்றவில்லை. முதலிற் சொன்ன விடை பிழையென்று அவனிடம் ஒப்புக்கொண்டோம். சிரித்தான்.

இப்பொழுது வாரத்தில் இரு நாட்கள் வகுப்புக்கு வருகிறான். வலைப்பருவம் முடியட்டும் என்கிறார் தந்தையார். பௌதிக ஆசிரியர் இன்னும் வரவில்லை.