பழைய கேமும் டியூப் டிவியும்



நாத்தங்கால், நடவு, எலித்தொல்லைன்னு எழுதுற ஆளு வீடியோ கேம் பத்தி எழுத வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. 2006-க்கு அப்புறம் இலவச கலர் டிவி வந்த வீடுகள்ல அந்த 14 இஞ்ச் டிவிக்குப் பக்கத்துலயே கேசட் போட்டு ஆடுற ஒரு பெட்டியும் இருந்திருக்கும். மரியோ, காண்ட்ரா, வாத்து சுடுறது. அந்தப் பழைய பெட்டிகளை இப்போ புதுசா, அச்சு அசலா திரும்பச் செய்யறாங்க. அதுல எது திரும்ப வருது, எது வரலைங்கறதை எங்க வீட்டுலயே பாத்துட்டேன். அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

எங்க பெட்டி 2007 பொங்கலுக்கு மன்னார்குடியில வாங்கினது. பையனுக்கு அப்போ ஒன்பது வயசு. ரெண்டு ரிமோட்டு, ஒரு துப்பாக்கி, ஒரு மஞ்சள் கேசட். கேசட் மேல லட்சக்கணக்குல கேம் இருக்கறதா போட்டிருந்துச்சு. எண்ணிப் பாத்தா பத்துப் பதினஞ்சு தேறும். அதையே பேரை மாத்தி மாத்திப் போட்டிருந்தான்.

அதோட மூலம் ஜப்பான். 1889-ல கியோட்டோவுல சீட்டுக்கட்டு செய்ய ஆரம்பிச்ச நிண்டெண்டோ கம்பெனி, 1983 ஜூலை 15-ல ஃபேமிகாம்னு ஒரு பெட்டியை விட்டுச்சு. விலை 14,800 யென். வடிவமைச்சவர் மசாயுகி உவெமுரா. உள்ள இருந்த வேலை பாக்குற நினைவகம் வெறும் 2 கிலோபைட். இன்னைக்கு நம்ம செல்போன்ல ஒரு சின்ன போட்டோவுக்கே அதைப்போல பல மடங்கு இடம் வேணும். எங்க வீட்டுக்கு வந்தது அந்தப் பெட்டி இல்ல. அனுமதி வாங்காம யாரோ செஞ்ச நகல். மூடியைக் கழட்டிப் பாத்தா, கறுப்புப் பசையைக் கொட்டி மூடின ஒரே ஒரு சில்லு. அசலை நாங்க யாரும் கண்ணால கண்டதே இல்ல. எங்களுக்கு நகல்தான் அசல்.

பையன் டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் முடிச்சு ஓசூர்ல வேலை பாக்குறான். போன மாசம் வந்தப்ப உள்ளங்கை அகலத்துக்கு ஒரு போர்டு கொண்டு வந்தான். மிஸ்டர்னு பேரு. அலெக்ஸி மெல்னிகோவ்னு ஒருத்தர் 2017-ல ஆரம்பிச்ச வேலையாம். திட்டத்தை எல்லாருக்கும் திறந்து விட்டுட்டார், உலகம் பூரா ஆளுங்க அதுல உழைக்கிறாங்க.

இதுல ரெண்டு வழி இருக்கு. நிண்டெண்டோவே 2016-ல 30 கேமோட ஒரு குட்டிப் பெட்டி விட்டுச்சு. அதுக்குள்ள இருக்கறது ஒரு சின்ன கம்ப்யூட்டர். பழைய பெட்டி மாதிரி நடிக்கிற ஒரு புரோகிராம் அதுல ஓடும். கேசட் போட முடியாது. மிஸ்டர் வழி வேற. அதுல எஃப்.பி.ஜி.ஏ.ன்னு ஒரு சில்லு. அதுக்குள்ள எந்தச் சுற்று இருக்கணும்னு நாமதான் எழுதிக் கொடுக்கணும். எனக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, வரப்பு போடாத வெத்து நிலம். நெல்லுக்குன்னா நெல்லுக்கு ஏத்த மாதிரி வரப்பு, வாய்க்கால் எடுக்கலாம், பருத்திக்குன்னா கலைச்சுட்டு வேற மாதிரி எடுக்கலாம். இங்க நடிப்பு இல்ல. பழைய சில்லு எப்படி வேலை பாத்துச்சோ, அந்தச் சுற்றையே திரும்பக் கட்டுறாங்க.

முதல்ல எங்க பழைய பெட்டியோட மஞ்சள் ஒயரை அப்படியே புது எல்.இ.டி. டிவியில சொருகினோம். படம் சாணி கரைச்ச மாதிரி வந்துச்சு. காரணம் இதுதான். டிவி நிகழ்ச்சின்னா ஒரு தடவை ஒத்தைப்படைக் கோடு, அடுத்த தடவை இரட்டைப்படைக் கோடுன்னு பாதிப் பாதியா வரும். பழைய கேம் பெட்டி அப்படி அனுப்பாது. 240 கோடு உள்ள முழுப் படத்தை ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல போடும். புது டிவிக்கு இது புரியாம, பாதிப் படம்னு நினைச்சு ரெண்டைச் சேத்து ஒட்டப் பாக்குது. ஓடுற ஆளு கலங்கிப் போறான். ஒட்டுற வேலைக்கு நேரமும் பிடிக்குது. பட்டனை அழுத்தினா மரியோ ஒரு இமைப்பொழுது கழிச்சுத்தான் குதிக்கிறான், அதுக்குள்ள பள்ளத்துல விழுந்துடறான்.

அப்புறம் மிஸ்டரை அதே டிவியில போட்டான். தாமதம் தெரியல. படம் கண்ணாடி மாதிரி சுத்தம். ஆனா சுத்தம் கொஞ்சம் கூடிப் போச்சு. மரியோ மூஞ்சி செங்கல் அடுக்கினாப்ல கட்டம் கட்டமா இருந்துச்சு. டியூப் டிவியில ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல மெல்லிசா இருட்டு இருக்கும், மஞ்சள் ஒயர்ல நிறம் ஒண்ணோட ஒண்ணு கொஞ்சம் கசியும். படம் வரைஞ்சவங்க அந்தக் கசிவையும் கணக்குல வெச்சே வரைஞ்சாங்க. சேகா கம்பெனி 1991-ல விட்ட சோனிக் கேம்ல ஒரு அருவி வரும். உண்மையில அது ஒரு கோடு விட்டு ஒரு கோடு வரைஞ்ச வரிக்கோடுதான். டியூப் டிவியில கோடுகள் கலந்து, பின்னால இருக்கறது தெரியற தண்ணி மாதிரி இருக்கும். புது டிவியில பாத்தா ஜன்னல் கம்பிதான்.

நிறத்துலயும் ஒரு சங்கதி இருக்கு. ஃபேமிகாமுக்குள்ள இந்த நீலம் இத்தனை பங்குன்னு கணக்கே கிடையாது. டிவிக்குப் போற கலப்பு சிக்னலையே அந்தச் சில்லு நேரா உண்டாக்கும். மரியோ வானம் ஒரு டிவியில நீலமா, இன்னொண்ணுல கத்திரிப்பூ நிறமா தெரியும். சரியான வானம் எதுன்னு இன்னிக்கும் ஆளுங்க வாதாடுறாங்க. ரெண்டும் சரிதான்னு நான் சொல்றேன். அவங்கவங்க வீட்டு டிவியில தெரிஞ்ச வானம் அவங்கவங்களுக்கு.

வேகம்தான் என்னைத் தூக்கிப் போட்டுச்சு. பையன் மரியோவை ஆரம்பிச்சதும், "ஏன் தம்பி இந்த ஓட்டம் ஓடுறான், பாட்டும் விரசலா இருக்கே"ன்னு கேட்டேன். அவன் சிரிச்சான். "இதுதாம்ப்பா ஜப்பான் வேகம். அங்க டிவி செகண்டுக்கு 60 தடவை படம் போடும், நம்ம ஊர்ல 50 தடவை. கேம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி நகரும். அங்க 50 செகண்டுல முடியற ஓட்டம் நமக்கு 60 செகண்டு"ன்னான். ரஷ்யாவுலயும் நம்மள மாதிரி நகல் பெட்டிதான், டெண்டின்னு பேரு. மிஸ்டர்ல அந்த நகல் பெட்டியோட வேகத்துக்கும் ஒரு அமைப்பு வெச்சிருக்காங்க. அதை மாத்தினதும் பாட்டு மெதுவாச்சு. அடுப்படியில இருந்த வீட்டம்மா எட்டிப் பாத்து, "இப்பதான் நம்ம வீட்டுப் பாட்டு"ன்னாங்க. நகலையும் மதிச்சு ஒருத்தன் திரும்பக் கட்டியிருக்கான் பாருங்க.

ஆனா துப்பாக்கி வேலை செய்யல. வாத்து பறந்துகிட்டே இருந்துச்சு. அந்தத் துப்பாக்கி எதையும் சுடறதில்ல, பாக்குது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமா மின்னும். குழல்ல இருக்கற கண்ணுக்கு அந்த வெளிச்சம் தெரிஞ்சா வாத்து விழும். டியூப்ல அந்த வெளிச்சம் உரிய கணத்துல, ஒரு மின்கதிர் கோடு கோடா இழுக்க இழுக்க வரும். எல்.இ.டி.யில அது தாமதமாவும் வருது, அந்தத் துடிப்பும் இல்ல. பெட்டியை எவ்வளவு நுணுக்கமா திரும்பச் செஞ்சாலும் வாத்து விழணும்னா டியூப் வேணும்.

மாப்பிள்ளைச் சம்பா போட்டவங்களுக்கு இது புரியும். ஆள் உயரம் வளர்ற நெல்லுக்கு, குட்டை ரகத்துக்குப் போடற மாதிரி யூரியா போட்டா சாஞ்சு தரையில படுத்துடும். நெல்லு மேல குறை இல்ல, யூரியா மேலயும் குறை இல்ல. அந்த நெல்லு வேற பக்குவத்துக்குப் பிறந்தது.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2012-ல ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கல, குறுவை இல்ல. கரண்டும் பாதி நாள் இருக்காது. சாயந்திரம் ஆனா வீட்டுல பேச்சே இருக்காது. பையனுக்கு அப்போ பதினாலு வயசு. ஒருநாள் கரண்டு இருந்த நேரம் ரெண்டாவது ரிமோட்டை என் கையில கொடுத்தான். காண்ட்ரா. நான் உடனே செத்துப் போவேன், அவன் எனக்காகக் காத்திருப்பான். ஆடிக்கிட்டே, திரையில இருந்து கண்ணை எடுக்காம, "நமக்கு எவ்வளவுப்பா கடன் இருக்கு?"ன்னு கேட்டான். நானும் திரையைப் பாத்துக்கிட்டே தொகையைச் சொன்னேன். நேருக்கு நேர் உக்காந்திருந்தா அவனும் கேட்டிருக்க மாட்டான், நானும் சொல்லியிருக்க மாட்டேன். "நான் டிப்ளமோவே படிக்கிறேன், சீக்கிரம் வேலை கிடைக்கும்"ன்னு அவன் முடிவு பண்ணதும் அந்தத் திரைக்கு முன்னாலதான்.

இப்போ அவனுக்கு வெளிநாட்டு வேலை வந்திருக்கு. அதனாலதான் மிஸ்டர் கொண்டு வந்தான். "பழைய பெட்டி எப்ப வேணா போயிடும்ப்பா, இது இருந்தா ஆட்டம் இருக்கும்"ன்னான். வீட்டம்மாவுக்கு டியூப் டிவி இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு. பழைய இரும்புக்காரர் நூத்தம்பது தர்றேன்னு வாசல்ல நின்னார். டவுன் மெக்கானிக்கைக் கேட்டேன். "மத்த சாமானெல்லாம் தேடிப் பிடிச்சு மாத்தலாம்ண்ணே, பிக்சர் டியூப் போச்சுன்னா மாத்து கிடைக்காது"ன்னார்.

அங்கதான் எனக்குத் தெளிவாச்சு. பெட்டியைத் திரும்பச் செய்ய உலகம் பூரா ஆள் இருக்கு. டியூபைத் திரும்பச் செய்ய ஆள் இல்ல. புது டிவியிலயே கோடு, இருட்டு, கசிவு எல்லாம் வர்ற மாதிரி வேஷம் போடற வசதி மிஸ்டர்ல இருக்கு. பாத்தேன், முக்காவாசி ஏமாத்திடுது. அவன் போன பிறகு பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு அதுவே போதும். ஆனா இருக்கறவரைக்கும் டியூப் இருக்கட்டும்னு இரும்புக்காரரை அனுப்பிட்டேன். பையன் கூடுதலா ஒரு சின்ன போர்டு வாங்கி, மிஸ்டர்ல இருந்து மஞ்சள் ஒயர்ல டியூப் டிவிக்கே படம் வர்ற மாதிரி செஞ்சு வெச்சுட்டான். புதுப் பெட்டி, பழைய டியூப், நம்ம ஊர் வேகம். வீட்டம்மா, "அப்ப திண்ணைப் பக்கம் வைங்க"ன்னு சம்மதிச்சாங்க.

உங்க வீட்டுல டியூப் டிவி இருந்தா ரெண்டு விஷயம். ஈரம் படாம வைங்க, மாசம் ஒரு தடவையாவது போட்டுப் பாருங்க. பின்மூடியை மட்டும் நீங்களா கழட்டாதீங்க, அணைச்ச பிறகும் உள்ள பெரிய மின்சாரம் தங்கியிருக்கும். தூக்கித்தான் போடணும்னா உடைச்சு வாய்க்கால்ல போட்டுடாதீங்க. அந்தக் கண்ணாடியில ஈயம் இருக்கு, அந்தத் தண்ணிதான் நம்ம வயலுக்கு வருது.

சம்பாவுல களை மண்டிக் கிடக்கு, நாளைக்கு ஆள் சொல்லியிருக்கேன். அந்தக் கதை அடுத்த பதிவுல.